புயல் பங்கு

ஆகஸ்ட் 26
புயல் போய் ரெண்டு நாள். மகள் கொலெட் தூங்கும் அறையில், விட்டத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவு ஈரம். மேலே ஓடுகள் பறந்திருக்கின்றன.

வீட்டு இன்ஷூரன்ஸில் புயலுக்கு டிடக்டிபிள் ஐந்து சதவீதம். அதாவது முதலில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. சேதத்தில் ஐந்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏஜென்ட் மிஸ் நோயெல்லா போனில் சொல்கிறாள்: "சேதத்துல இல்ல கண்ணு. வீட்டுக்கு எழுதியிருக்கிற மொத்தத் தொகையில."

இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தில் ஐந்து சதவீதம்: பதினாலாயிரம் டாலர். ஓட்டுச் சேதம் ஆறாயிரத்தைத் தாண்டாது. ஒரு சென்ட்கூட வராது. எங்கள் சேமிப்போ ஒன்பதாயிரம். பெரிய புயல் வந்தால்? கொலெட்டைத் தூக்கிக்கொண்டு ஹூஸ்டனில் அம்மா வீட்டுக்குத்தான்.

அப்புறமும், "எதுக்கும் க்ளெய்ம் போட்டு வை" என்கிறாள். பணம் வராத க்ளெய்ம் எதற்கு? அவளுக்கு இதில் என்ன?

ஆகஸ்ட் 27
என் கணவன் லாண்ட்ரி சிரிக்கிறான். "நம்ம பேரைக் குறிச்சு வச்சுக்கத்தான். வருஷக் கடைசியில கழட்டி விட்டுருவாங்க. சனிக்கிழமை ஓவிட் அண்ணன் ஆளுங்களோட வரான். ஒரு பானை கம்போ குழம்பு, ரெண்டு பெட்டி பீர், வேலை முடிஞ்சுது."

இங்கே சொந்தக்காரன் கூரையைச் சொந்தக்காரன்தான் போடுவான். பில் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 28
நேரே கேட்டுவிட்டேன், உங்களுக்குக் கமிஷன் உண்டா என்று. மிஸ் நோயெல்லா கோபப்படவில்லை. "கமிஷனா? எனக்கு எழுத்து வேலைதான் மிச்சம். லூசியானாவுல இந்தப் புயல் பங்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். இப்போ போன ஆறாயிரத்தை அதுல எழுதி வச்சா, அடுத்த புயலுக்கு மீதியைத்தான் போடணும். ஆனா மதிப்புப் போடுறவர் வந்து பாக்கணும். பூசி மெழுகின கூரையை அவர் எப்படிப் பாப்பார்?"

தேடிப் பார்த்தேன். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது: சனிக்கிழமை வருகிறவர்களை நான்தான் தடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி
ஓவிட் அண்ணன் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டார். ஏறாதீங்க என்றேன். தார்ப்பாய் மட்டும் போடுங்க, படம் எடுத்துக்கறேன், அந்த ஆள் வந்து பார்க்கட்டும்.

"ஏன் சிமோன், எங்க ஆணி இறங்காதா?"

"அவ காலேஜ் படிச்சவ" என்றான் லாண்ட்ரி. அவர்கள் பக்கம் பார்த்து.

கம்போவைச் சாப்பிட்டார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மருமகள் — இனி இதுதான் என் பேர். ஒருவேளை லாண்ட்ரி சொல்வதுதான் சரியோ? நானே வலியப் போய் மாட்டிக்கொள்கிறேனா?

செப்டம்பர் 9
மதிப்புப் போடுகிறவர் வந்தார், அளந்தார், போனார். சேதம் 5,900. கம்பெனி தருவது: சைபர்.

"சைபரை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?" — லாண்ட்ரி.

செப்டம்பர் 13
ஓவிட் அண்ணன் ஆட்களோடு வந்து ஓடு போட்டுக் கொடுத்தார். என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 2
தபால் பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை. காப்பீடு ரத்து என்று வந்திருக்குமோ? இல்லை. மின்சார பில்.

அக்டோபர் 12
அடுத்த புயல் அடித்தே விட்டது. பாதிக் கூரை பக்கத்துத் தெருவில் கிடக்கிறது. மாமியார் வீட்டில் இருக்கிறோம். கொலெட் "நம்ம வீடு?" என்கிறாள்.

நவம்பர் 6
சேதம் நாற்பத்தோராயிரம். அதில் எங்கள் பங்கு, பதினாலாயிரத்தில் 5,900 போக, 8,100. மீதியைக் கம்பெனி கொடுக்கிறது. சேமிப்புக்குள் அடங்கிவிட்டது. தொள்ளாயிரம் மிச்சம்கூட.

கணக்கில் எதையாவது விட்டுவிட்டு, கொடுத்த பணத்தை அப்புறம் திருப்பிக் கேட்பார்களோ? மிஸ் நோயெல்லாவிடம் கேட்டேன். "கேக்க மாட்டாங்க கண்ணு. தூங்கு."

ஓவிட் அண்ணன் ஆகஸ்ட்டில் தன் கூரையைத் தானே போட்டுக்கொண்டார், க்ளெய்ம் எதுவும் போடாமல். இந்தப் புயலுக்கு அவர் முழுப் பங்கையும் கையிலிருந்து போட வேண்டும். லாண்ட்ரி சொன்னான்.

ஜனவரி 9
புதுக் கூரைக்குக் கீழே முதல் வாரம். அடுத்த வருஷத்துப் பாலிசி வந்தது. முன்பெல்லாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவான் லாண்ட்ரி. இன்று என் பக்கம் தள்ளிவிட்டு, கொலெட்டுக்குச் சோறு ஊட்டப் போனான்.

"நீ முதல்ல சந்தேகப்பட்டு முடி. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."