'ம்' மட்டும் சொன்னவளுக்கு

இன்று காலை ஐயங்கார்குளத்திலிருந்து மூன்று பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஜெராக்ஸுக்குத்தான் என்று நினைத்துக் காகிதம் வாங்கக் கையை நீட்டினேன். "அதுக்கு இல்லக்கா. நாங்களும் உங்கள மாதிரி பேசிப் பதிவு பண்ணிப் போடலாம்னு கீறோம். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எந்த சாப்ட்வேர் நல்லாருக்கும்?" என்றாள் அவர்களில் சின்னவள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்கு சாப்ட்வேர் கேட்டு ஆள் வருகிறதடி! இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டலாம் என்று ஹெட்போனை எடுத்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதன் பஞ்சில் உன் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

நாம் ஆரம்பித்தபோது நமக்கு என்ன தெரியும்? பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அப்புறம் எனக்கு இந்தக் கடை, உனக்கு நூறு நாள் வேலையில் ஆட்களின் வருகையை எழுதும் பொறுப்பு. ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, "இதெல்லாம் காத்தோட போவுதுடி. புடிச்சி வெக்கணும்" என்று நீதான் ஆரம்பித்தாய். அதற்கு பாட்காஸ்ட் என்று பெயர் என நான் பெருமையாகச் சொன்னேன். "பேர வுடு, வேலயப் பாரு" என்றாய்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். முன்னுரை, கேள்வி, வாயடிப்பது எல்லாம் நான். நீ பேசுகிறவருக்கு எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்டுவாய். அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று கிண்டல் செய்தேன். "ம் கொட்ட ஆள் இல்லன்னா செவுத்தப் பாத்தா பேசுவாங்க?" என்றாய். நம் பக்கத்தில் அது உண்மைதான். இரண்டு வாக்கியத்துக்கு 'ம்' வராவிட்டால், "கேக்கறியா, தூங்கறியா?" என்று சொல்பவர் நிறுத்திவிடுவார்.

முதல் பதிவுக்கு உங்கள் அம்மாவையே உட்காரவைத்தாய். உங்கள் காலனியில் சாவு விழுந்தால் அந்தக் காலத்தில் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. எங்கள் தெருக்காரர்களின் வயல் சேற்றில் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். உங்கள் அம்மா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஒரு பாதையை வாங்கிய கதை. மழையில் பாடை சாய்ந்த இடத்துக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். நீ என் தொடையைக் கிள்ளினாய். அப்புறம் மெதுவாக ஒரு 'ம்'. உங்கள் அம்மா தொடர்ந்தார்.

எடிட் செய்ய மூன்று சாப்ட்வேரை வைத்துப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? போனிலேயே வெட்டுவது ஒன்று. விரலை வைத்தால் வெட்டும் இடமே மறைந்துபோனது. இரண்டாவது, நெட்டில் ஓடுவது. ஒரே பட்டன், இரைச்சலையும் இடைவெளியையும் தானே எடுத்துவிடும். மூன்றாவது, இலவசமாகக் கிடைத்த ஒன்று. பார்க்க ஏரோபிளேன் ஓட்டும் இடம் மாதிரி ஏகப்பட்ட பட்டன். அதைப் பார்த்ததுமே "இதெல்லாம் நமக்கு ஆவாது" என்று மூடினேன். ஒரே பட்டன்காரனிடம் கொடுத்தேன். பளிங்கு மாதிரி வந்தது. மார் தட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

உங்கள் அம்மா பாதிவரைதான் கேட்டார். "இன்னாம்மா இது? யாருமே இல்லாத வூட்ல நான் தனியாப் பொலம்பற மாதிரி கீது."

மைக்குக்குத் தள்ளி உட்கார்ந்து நீ சொன்ன அத்தனை 'ம்'மையும் இரைச்சல் என்று எடுத்துவிட்டிருந்தது அது. சேற்றில் பாடை சாய்ந்த இடத்து மௌனமும் போயிருந்தது. நீ என்னை முறைத்தாய். "சுத்தம் பண்றேன்னு என்னியே தொடச்சிட்டியேடி." எனக்குப் பூமியில் புதைந்துவிடலாம் போல இருந்தது. நல்லவேளை, அசலை அழிக்காதே என்று நீ முதலிலேயே சண்டை போட்டிருந்தாய்.

அப்புறம்தான் அசலை எடுத்துக்கொண்டு அந்த ஏகப்பட்ட பட்டன்காரனிடம் போனோம். கடையின் பழைய கம்ப்யூட்டரில், நெட் இல்லாமல் ஓடியது. நாம் கை வைத்த இடத்தை மட்டும் வெட்டியது. தப்பாக வெட்டினால் திருப்பிக் கொடுத்தது. அத்தனை பட்டனில் நமக்குத் தேவைப்பட்டது நாலுதான். நான் ஒரு மாதம் திணறினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க வெட்டாத, அவங்க மூச்சு வாங்கறாங்க" என்பாய். முப்பது பதிவுகள் அப்படிச் செய்தோம். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படிப்பு படித்ததில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாலாம் நாள் பிணமாகத்தான் திரும்பினாய். உன்னை அந்தப் பாதையில்தான் கொண்டுபோனோம். யார் காலிலும் சேறு படவில்லை.

காரியம் முடிந்து உங்கள் அம்மா கடைக்கு வந்தார். "எம்பொண்ணு பேசனது எதுனா கீதா?" முப்பது பதிவையும் தேடினேன். ஒரு வாக்கியம்கூட இல்லையடி. எல்லாப் பேச்சையும் நானே பிடுங்கிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் முதல் பதிவைப் போட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். "நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கினே கீறா பாரு எம்பொண்ணு," என்றார். இப்போது அது அவர் போனில் இருக்கிறது. எனக்குப் பதில் இப்போதெல்லாம் கேள்வி கேட்பது வேறொருத்தி. உன் இடத்தில் நான் உட்காருகிறேன். வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐயங்கார்குளத்துப் பெண்களிடம் நாம் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னேன். "பட்டன் கம்மின்னு மயங்காதீங்க. உங்களக் கேக்காம எதையும் வெட்டாதது எதுவோ அதைப் போடுங்க. அசல தனியா எடுத்து வைங்க." பிறகு உங்கள் அம்மாவின் பதிவைக் கேட்கக் கொடுத்தேன். சின்னவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"நடுவுல ம், ம்னு ஒருத்தங்க சொல்லிக்கினே கீறாங்களே, அது யாருக்கா?"

"இத நடத்தனவ."

"நீங்கதானேக்கா பேசறீங்க?"

"பேசனது நான். நடத்தனவ அவ" என்றேன். ஜெராக்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொன்னேன்.