தேவசீலனை மூழ்கடித்த ஏடு

மாரி பிழையாத வேங்கைமலை நாட்டை ஆள்பவரும், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறாதவருமான கோ இடர்வென்ற பெருமாளின் தலைமை மந்திரி நக்கன் பெருங்காவிதி, நீர்முனை ஊரில் இருந்து கதை வகுக்கும் பூதங்கண்ணி அம்மைக்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் ஆறு கரை மீறாதிருக்க. உம் மனை நலம் பெறுக. உம் எழுத்தாணி கூர் மழுங்காதிருக்க. இதனை உரக்க வாசிக்க வேண்டாம்.

திங்கள்தோறும் நீவிர் அனுப்பும் ஏழ்தீவுக் கோமகள் கதைக்கட்டு அவையில் வாசிக்கப்படுவதையும், அரசர் செங்கோல் ஏந்தியபடியே அதைக் கேட்பதையும் நீவிர் அறிவீர். அக்கதையில் கோமகளின் தாய்மாமன் தேவசீலன் என்று ஒருவனைப் படைத்தீரே, அவன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கப்பல் உடைகிறது, கோமகள் பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள், அவையில் மூச்சுவிடுவார் இல்லை. அந்நேரம் பார்த்து அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, வடகாற்று ஆகாது என்று தான் அன்றைக்கே சொன்னதை நினைவூட்டுகிறான். காதலன் முதன்முதலாக அவள் கையைத் தொடும் இடத்தில் சுக்குக் கஷாயத்தோடு நுழைந்து, தன் வயிற்று உபாதையை விரித்துரைக்கிறான். எமக்கே பற்றிக்கொண்டு வந்தது என்றால் அரசரைச் சொல்ல வேண்டுமா?

சென்ற மாசித் திங்களில் அவர் பொறுமை அறுந்தது. இந்தத் தேவசீலன் மாண்டொழிக என்று செங்கோலை ஓங்கி முழங்கினார். அவை சிரித்தது, யாம் சிரிக்கவில்லை. செங்கோல் ஏந்திச் சொன்ன சொல் இந்நாட்டில் தீர்ப்பு; சொன்ன அரசரே அதை மீட்க இயலாது. மறுநாள் கொலைத்தொழிலோன் எம் வாயிலில் வந்து நின்று, குற்றவாளி எங்கே என்று பணிவோடு வினவினான். குற்றவாளி அகப்படாவிடில் அவனுக்குச் சோறும் இடமும் தந்து வைத்திருப்பவர் அத்தண்டனையைப் பெற வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. தேவசீலனுக்குச் சோறும் இடமும் தந்தவர் உம்மையன்றி வேறு யார்?

உம்மைக் காக்க யாம் ஒரு பிழை செய்தோம். அடுத்த கட்டு வந்ததும், கஷாயக் குவளையோடு அவன் கப்பல் விளிம்பில் கால் இடறிக் கடலில் மூழ்கியதாக எம் கையாலேயே ஓர் ஏடு எழுதி நடுவே செருகினோம். அவன் தலைகாட்டும் பிற ஏடுகளை உருவி எடுத்தோம். அது வாசிக்கப்பட்டபோது அவை ஆரவாரித்தது. அரசர் பாயசம் வழங்கச் செய்தார். தீர்ப்பு நிறைவேறியது என்று பதிந்து, கொலைத்தொழிலோனை அனுப்பி வைத்தோம்.

அதன்பின் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. மூன்றாம் தீவில் கோமகள் சிறைப்பட்டாள். யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. காதலன் அவளைக் கண்டெடுத்தான். பட்டத்தரசி கொட்டாவி விட்டார். இடையே வந்து கெடுக்க ஒருவனும் இல்லாதபோது, அவர்கள் கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது. அவன் வந்துவிடுவானோ என்ற பதைப்பில்தான் இத்தனை நாளும் அவளை நேசித்தோம் என்பது எமக்கு அன்றுதான் உறைத்தது. அவன் இல்லாத கதை உப்பில்லாத கஞ்சியாக இருந்தது, அம்மையே. மனம் வெறுத்துப் போனோம்.

அரசருக்கும் அது உறைத்தது. தேவசீலன் மூழ்கிய ஏட்டைக் கொணரச் சொல்லி வெயிலில் பிடித்துப் பார்த்தார். இது பூதங்கண்ணியின் எழுத்தன்று என்றார். பிறகு செங்கோலை மெல்ல உயர்த்தி, தேவசீலனைக் கொன்றவன் எவனோ அவனும் மாள்க என்று மொழிந்தார். முன்பு முழங்கியவர் இப்போது தாழ்ந்த குரலில் சொன்னார். அதுதான் எம்மை நடுங்க வைத்தது. கொலையாளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் எம்மிடமே ஒப்படைத்தார்.

அரண்மனை எழுத்தர் நாற்பதின்மரின் கையெழுத்தும் ஒப்பிடப்பட்டுவிட்டது. ஒன்றும் பொருந்தவில்லை. வரும் வெள்ளியன்று மந்திரிகளின் கையெழுத்தை அரசரே பார்வையிடுவார்.

ஆகவே எம் கட்டளையைக் கேளும். தேவசீலன் சாகவில்லை. ஒரு பலகையைப் பற்றிக் கரை சேர்ந்தான் என்று உம் கைப்பட எழுதித் தர வேண்டும். கொலையே நிகழாதபோது கொலையாளியும் இல்லை. எம் தலை தப்பும். அவன் உயிரோடிருந்தால் முதல் தீர்ப்பு நிறைவேறாததாகும் என்பதையும், அது எவர் வாயிலில் வந்து நிற்கும் என்பதையும் எம்மினும் நுண்ணறிவுடைய உமக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை உம்மைக் காத்தோம். மறுமுறை காக்கும் துணிவு எமக்கு இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

இவ்வோலையைக் கொணர்ந்த வீரர் நால்வரும் உம் முற்றத்திலேயே தங்குவர். அவர்களுக்குச் சோறிட வேண்டாம். ஏட்டையும் உம்மையும் புதன்கிழமைக்குள் அரசர் வீற்றிருக்கும் நெடுமதில் நகர் சேர்ப்பது அவர்கள் கடமை. படகு ஆயத்தமாக உள்ளது.

புறப்படுமுன் கதையை முடித்துவிட்டு வருக. கோமகள் ஏழாம் தீவை அடைந்தாளா என்பதை அறியாமல் எம்மால் இருக்க முடியாது.

பங்குனித் திங்கள் பதினோராம் நாள், வேங்கை முத்திரை பதித்து, நக்கன் பெருங்காவிதி எழுதியது. வாசித்ததும் இதனைத் தீயிலிடுக, எழுத்து எம்முடையது.