பெட்டியோடு வரச் சொல்லும் உண்ணி முகாம்

அனுப்புநர்:
தேனீ வளர்ப்பாளர்,
பழைய மாவு மில்லின் பின்புறம்,
ஆற்றங்கரைச் சாலை.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தேனீ வளர்ப்புப் பிரிவு,
தோட்டக்கலை அலுவலகம்.

பொருள்: உண்ணி ஒழிப்புப் பயிற்சிக்குத் தேனீப் பெட்டி கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற பூக்காலத் தொடக்கத்தில் தங்கள் அலுவலக வளாகத்தில் தேனீ உண்ணி ஒழிப்புப் பயிற்சி நடந்தது. ஆளுக்கொரு பெட்டியை ஈக்களோடு கொண்டுவரச் சொன்னார்கள். உண்ணியைக் கொல்லப் பெட்டிக்குள் தொங்கவிடும் மருந்துப் பட்டை வந்தவர்களுக்கே என்பதால் கொண்டுபோனோம். பெட்டிகளை வேலியோரம் நெருக்கி அடுக்கி, பகல் முழுதும் மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

2. கடுகளவே உள்ள இந்த உண்ணிக்குச் சிறகு கிடையாது. ஈயின் உடலில் ஒட்டிக்கொண்டுதான் பெட்டி விட்டுப் பெட்டி போகும். பயிற்றுநர் ஒரு பெட்டியின் ஈக்களை ஜாடியில் அள்ளி, சர்க்கரைத் தூள் தூவிக் குலுக்கி, வெள்ளைத் தாளில் உண்ணிகள் உதிர்வதைக் காட்டினார். அதுவரை எல்லாம் சரி. பிறகு அந்த ஈக்களைக் கைக்கு எட்டிய பெட்டியில் கொட்டிவிட்டார். அது என்னுடையது.

3. "சார், அது வேற பெட்டி ஈ" என்றேன். "மேடம், புக்குல படிக்கிறது வேற, ஃபீல்டு வேற" என்றார். எங்களுக்குப் பெட்டி செய்து தந்து, தானும் ஈ வளர்க்கும் தச்சர், "விடுங்க சார், டீச்சரம்மா குடிக்கிற தண்ணியையே சந்தேகப்படுவாங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆசிரியை அல்ல. தாவரவியல் படித்தவள், அவ்வளவே.

4. அதே தச்சர் சென்ற மாதம் தொலைபேசியில், "டீச்சரம்மா, ஈயெல்லாம் பறக்காம தரையில நடந்து போகுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். போனேன். உண்ணி தாக்கிச் சிறகு சுருங்கிய ஈக்கள் அவர் பட்டறை வாசலில் மரத்தூள் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. என் பெட்டிகளிலும் அதே நிலைதான். மருந்துப் பட்டையோ இன்றுவரை எவருக்கும் வரவில்லை.

5. முகாமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் காய்ச்சலால் அன்று வராத பால்காரரின் பெட்டிகளில் மட்டும் உண்ணி இல்லை. இதைத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். என் மனு பயிற்சிப் பிரிவுக்கு, அதாவது அதே பயிற்றுநருக்கு, அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. அலுவலகத்தில் ஒருவர், "முகாம் சக்சஸ்னு ரிப்போர்ட் போயிடுச்சே மேடம், இப்பப் போய் இதச் சொன்னா எப்படி?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

6. அடுத்த முகாம் மலையடிவாரத்தில், இதே நிபந்தனையோடு, வரும் பத்தாம் தேதி நடக்கவிருக்கிறது. அங்கே என் தங்கை பெட்டி வைத்திருக்கிறாள். கணவர் இறந்தபின் அவள் வீடு அந்த ஈக்களால்தான் நடக்கிறது. இதுவரை அவற்றில் உண்ணி இல்லை. போகாதே என்றேன். "போகலேன்னா பட்டை கிடையாதாம்க்கா. நாளைக்கு உண்ணி வந்துட்டா நான் எங்க போய் நிப்பேன்?" என்கிறாள். இதற்குப் பதில் தங்களிடம் இருக்கிறது.

7. முகாம் நடக்கட்டும், பெட்டிகள் வேண்டாம். பட்டையை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உண்ணியைக் காட்டித்தான் ஆகவேண்டுமென்றால், என் பெட்டியில் உதிர்ந்தவற்றை ஸ்பிரிட்டில் போட்டு இத்துடன் அனுப்பியுள்ளேன். பத்தாம் தேதிக்கு முன் தங்கள் உத்தரவு மலையடிவாரம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இடம்: ஆற்றங்கரைச் சாலை
நாள்: மார்ச் 2

இப்படிக்கு,
(கையொப்பம்)
தேனீ வளர்ப்பாளர்

இணைப்பு: கண்ணாடிப் பாட்டில் ஒன்று. வெளியிலிருந்தே தெரியும், திறக்க வேண்டியதில்லை.