கடல் உன்னைக் கொல்லவில்லை

இன்று காலை கிள்ளானில் என் பயிற்சிக் காரின் டயர் பஞ்சராகிவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் கொலை செய்துவிட்டவளைப் போல ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "ஆன்டி, நான் ஒன்னும் இடிக்கலையே?" என்றாள். இல்லையம்மா, இறங்கு என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். மாற்று டயருக்காக விரிப்பை விலக்கியதும் அந்த வாசனை எழுந்தது, ரப்பரும் காய்ந்த உப்பும் கலந்த வாசனை. உன் முக்குளிப்புக் கண்ணாடி டயருக்கும் ஜாக்கிக்கும் நடுவில் கிடந்தது.

ஜாக்கியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, நீயே மாற்று என்றேன். லைசென்ஸ் வேண்டுமென்றால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும். அவள் திணறிக்கொண்டிருக்க, நான் சாலையோரம் நின்று உன் கண்ணாடியை மோந்துகொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீ படிக்கச் சோம்பேறி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால்தான் பதில் போடுவாய். ஆனாலும் இதை எழுதியாக வேண்டும். நீ போனதும் உன் வீட்டுக்குள் ஒரு பொய் குடிவந்துவிட்டது. உன் மகள் அதில் மாட்டிக்கொண்டாள். அவள் எப்படி வெளியே வந்தாள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் நீதான்.

நீ பிறந்தபோது ஜாதகம் கணித்தவர் தண்ணீரில் கண்டம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள் நீ. பள்ளியில் போர்ட்டிக்சன் சுற்றுலா என்றால் உனக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். மாசி மகத்துக்கு மோரிப் கடற்கரையில் சாமி தீர்த்தமாடும்போது வந்த சனமெல்லாம் அலையில் இறங்கிக் கும்மாளமிடும். நீ மட்டும் மணலில் நின்று எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருப்பாய். உனக்குத் துணையாகத்தான் நானும் இறங்குவதில்லை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். துணையாவது ஒன்றாவது! எனக்கும் தண்ணீர் என்றால் நடுக்கம். உனக்காவது ஜாதகம் இருந்தது, எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

அந்த வரியை உன் காதில் ஓதிக்கொண்டே இருந்த உன் அக்காவைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவர் அவர். கல்யாணமாகி அம்பாங் போன இடத்தில், அவருடைய சின்னப் பையன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஈயம் தோண்டிய பழைய குட்டையில் விழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு குளியலறை வாளியைக்கூட அவர் கவிழ்த்தேதான் வைப்பார். அந்தத் துக்கம் எனக்குப் புரியும். ஆனால் அதைத் தூக்கி அடுத்தவர் தலையில் வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நீ வேலை பார்த்ததோ துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில். ஜன்னல் முழுக்கக் கடல். கப்பல் கப்பலாகப் பத்திரம் தட்டச்சு செய்து கொடுப்பாய், கால்விரலைக்கூட நனைத்ததில்லை. மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவில், ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாய்.

"பெர்ஹெந்தியான் தீவுக்குப் போறேன். டைவிங். நீயும் வரே."

"பைத்தியமாடி ஒனக்கு? ஒங்கக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும் லா. இத்தன வருசம் செருப்புக்குக் காவல் இருந்தாச்சு. போதும்."

குவாலா பெசூட்டில் ஏறிய படகு அலைக்கு அலை தூக்கிப் போட்டது. எனக்குத் தெரிந்த சாமி ஒன்று பாக்கியில்லாமல் கூப்பிட்டேன். நீ சிரித்துக்கொண்டு வந்தாய். சின்னத் தீவு. சாலை இல்லை, கார் இல்லை, என் தொழிலுக்கு அங்கே மரியாதையே இல்லை. எங்கு திரும்பினாலும் காற்று உருளைகளும் காயப்போட்ட ரப்பர் உடைகளும், உரிந்த முதுகோடு திரியும் வெள்ளைக்காரர்களும்தான். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குச் சொல்லிக் கொடுத்த அஸ்மி திரங்கானு மலாய்க்காரர், பாவம். உன்னை ஆழமில்லாத இடத்தில் முழங்காலிட்டுத் தலையை முக்க வைத்து, விரலை வட்டமாக வளைத்து, சரிதானா என்று கேட்டார். நீ நம்மாட்கள் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாய். ஏதோ ஆகிவிட்டதென்று பதறி அவர் உன்னை மேலே இழுத்துவிட்டார். மறுபடி இறங்கினீர்கள். அவர் கேட்க, நீ ஆட்ட, மறுபடியும் மேலே. கடைசியில் அவர், "காக், ஓகே கெ தாக் ஓகே?" என்று, அக்கா, சரியா இல்லையா என்று மலாயில் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். நீ வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, "அதான் ஓகேன்னு தலையாட்டுறேன்ல!" என்று தமிழிலேயே கத்தினாய். நான் சிரித்த சிரிப்பில் படகுத்துறையிலிருந்து விழப் பார்த்தேன். அவர் தன் தலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக் காட்டி, இது ஆடக் கூடாது, விரல்தான் பேச வேண்டும் என்று உனக்குப் புரிய வைத்தார்.

மறுநாள் பவளப்பாறைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், என் பக்கத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்தாய். ஆமை பார்த்ததைச் சொல்வாய் என்று நினைத்தேன். "கீழ போனா நம்ம மூச்சு சத்தம் மட்டும்தான்டி கேக்குது. அக்கா கொரலு கேக்கவே இல்ல" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னை யார் பிடிப்பது? மழைக்காலம் முடிந்து தீவு திறந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு நீ கிளம்பிவிடுவாய். அக்கா பேச்சை நிறுத்தினார், நீ கவலைப்படவில்லை. உன் வீட்டுக்காரர் வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. மகளும் கற்றுக்கொள்ளட்டும், இரண்டு பேருமாகச் சேர்ந்து இறங்க வேண்டும் என்று திட்டம் போட்டாய்.

உன்னைக் கொண்டுபோனது கடலிலிருந்து வரவில்லை. இடது மார்பில் கட்டி. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தாய். சுறா திரிகிற தண்ணீரில் குதித்தவளுக்கு, சொந்த வீட்டில் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

கடைசியில் உனக்கு மூச்சு வாங்கியது. நோய் பரவிவிட்டது, நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, குழாய் வைத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அத்தனையும் சொன்னார். பக்கத்தில் நின்ற உன் அக்காவின் காதில் தண்ணீர் மட்டும்தான் விழுந்தது.

நடு வீட்டில் உன்னைக் கிடத்தியிருக்க, அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டாளா? தண்ணியில கண்டம்னு சொன்னேனே! கடலுக்குப் போயி போயி நெஞ்சுக்குள்ள தண்ணிய வாங்கிக்கிட்டு வந்துட்டாளே!" வந்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. கேன்சர் என்றால் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள். கடல்மேல் பழியைப் போட்டால் கடல் வந்து மறுத்துப் பேசவா போகிறது?

"அக்கா, அவளுக்குக் கேன்சர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். யாரோ ஒருவர், "பொணத்த வச்சிக்கிட்டு என்னா மா பேச்சு இது?" என்று என்னை வெளியே கூட்டிப்போனார். உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து உன் மகள் தர்ஷினி என்னைப் பார்க்க வந்தாள். டைவிங் வகுப்புக்குக் கட்டியிருந்த பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டாளாம்.

"பெரியம்மா எனக்கும் ஜாதகம் பாத்தாங்க ஆன்டி. எனக்கும் தண்ணியில இருக்காம்."

"அத விடு. செக்கப் போகச் சொல்லி டாக்டர் ஒன்கிட்ட சொன்னாங்களே, போனியா?"

"அது எதுக்கு ஆன்டி? நமக்குத்தான் அது இல்லியே. கடலுக்குப் போகாம இருந்தா போதும்."

படித்த பெண். ஆஸ்பத்திரியில் உன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அவளையே நம்ப வைத்துவிட்டார்கள். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, ஒரு பாவமும் அறியாத கடலுக்குப் பயந்துகொண்டிருந்தாள். இப்படியே விட்டால் அவளும் உன்னைப் போல ஒருநாள் குளியலறையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வாயை மூடிக்கொள்வாள்.

நான் வாதாடவில்லை. இரண்டு பேருக்கும் பஸ் டிக்கெட் வாங்கினேன். சாவு நடந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உல்லாசப் பயணமா என்று உன் பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

தீவுக்கு வந்தவள் படகுத்துறையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் எறங்க மாட்டேன் ஆன்டி. நீங்களும்தான் எத்தன வருசமா வரீங்க, எறங்கினீங்களா?" அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய் அஸ்மியிடம் ஓர் உடை கேட்டேன். அதற்குள் என்னைத் திணிக்க அங்கிருந்த இரண்டு பெண்கள் போராடினார்கள். உன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் தலைக்கு மேலே போனதும் கைகால் உதறி எழுந்து உப்பை விழுங்கினேன். அஸ்மியைத் திட்டினேன், ஜாதகக்காரரைத் திட்டினேன், உன்னையும் அசிங்கமாகத் திட்டினேன். மறுபடி முழங்காலிட்டேன். இந்த முறை மூச்சு வந்தது, போனது, மறுபடி வந்தது. விரல் நீளம்கூட இல்லாத மீன் ஒன்று என் மோதிரத்தைக் கொத்திப் பார்த்தது. அவ்வளவுதான் நான் பார்த்த கடல். அதற்கு மேல் என்னால் முடியாது, முடியவும் வேண்டாம்.

எழுந்து நின்றால், தர்ஷினி உடுத்திய துணியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்டி, நீங்க சாகலையே!"

"சாகல. கண்ணுதான் எரியுது."

மறுநாள் அவள் அஸ்மியோடு பவளப்பாறைக்குப் போனாள். வந்ததும் இரண்டு தட்டு நாசி கோரெங் சாப்பிட்டாள். கரைக்குத் திரும்பும் படகில், எஞ்சின் சத்தத்துக்கு மேலே என் காதில் கேட்டாள்: "அம்மாவுக்கு அந்தக் கட்டி மொதல்ல எவ்ளோ பெருசா இருந்துச்சு ஆன்டி?" எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, உன் ஓராண்டுத் திதி. படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். தர்ஷினியின் கைப்பேசியில் இருந்த தீவுப் படத்தை யாரோ அக்காவிடம் காட்டிவிட்டார்கள். அவர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "ஒங்கம்மாவ முழுங்குன கடல்லியா நீயும் போயி விழுந்தே?" என்று அலறினார். நான் வாயைத் திறப்பதற்குள், கையில் சாம்பார் வாளியோடு நின்ற உன் மகள் பேசினாள்.

"கடல் முழுங்கல பெரியம்மா. அம்மாவுக்கு மார்ல கேன்சர். வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லாம வச்சிருந்தாங்க. நாளான்னிக்கு நான் செக் பண்ணப் போறேன். நீங்க அம்மாகூடப் பொறந்தவங்க, ஒங்களுக்கும் பேர் குடுத்திருக்கேன்."

ஆண்கள் இலையைப் பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போயிட்டு வாங்கக்கா" என்றார் உன் அக்காவிடம். அந்த மனிதர் அந்த வீட்டில் அக்காவுக்கு எதிராகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அக்கா மெல்ல உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பொம்பள டாக்டரா?"

"ஆமா பெரியம்மா."

"செவ்வாக்கெழம போயி யாராச்சும் இதுக்கெல்லாம் போவாங்களா?"

"அன்னிக்குத்தான் கெடச்சிச்சு."

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நான்தான் ஓட்டிப் போகிறேன். நீ எனக்கென்று விட்டுப் போனது இந்தச் சண்டை ஒன்றுதான். அதை நான் யாருக்காகவும் கீழே வைக்கப் போவதில்லை. உன் தோழி எதனால் போனாள் என்று கேட்கிறவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்வேன், மார்பு என்றும் சொல்வேன். ஆஸ்பத்திரி வரிசையில், நாலு பேர் காதில் விழும்படி, உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே சொல்வேன்.