லேமினேஷன் போட்ட வேலை

திண்டிவனம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு, திண்டிவனம் மோட்டார் ரிப்பேர் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா எழுதுவது. நானும் கடையும் சுகம், கெடாரில் உன் அம்மாவும் சுகம், உன் அப்பாவின் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. ஐதராபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வேலை வேண்டாம், படிப்பு முடிந்ததும் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலைக்காயை ஆயும் மிஷின் செய்து விற்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து என் அண்ணன் உன்னோடு பேசவில்லை. இதற்கிடையில் காலேஜில் உன்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனியின் வேலை உத்தரவு கெடார் வீட்டுக்கே தபாலில் வந்துவிட்டது. நீ கையெழுத்துப் போட்டு அதே தாளை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு மயிலம் போய் முருகன் காலடியில் வைத்து எடுத்து, திரும்பும் வழியில் விபூதிக் கறை படக்கூடாது என்று விழுப்புரத்தில் இறங்கி லேமினேஷன் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து ஓரத்தில் பேனா வைத்துப் பார்த்தால் வழுக்குகிறது. ஏழாயிரம் பேனா மாற்றியிருப்பார், எழுதியதெல்லாம் விரல் பட்டதும் அழிந்துபோனது.

நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம். சேர்க்கை சரியில்லை என்கிறார் அண்ணன். வேலை கிடைக்காததை மறைக்கிறாள் என்கிறான் ரைஸ்மில் தேவா. எனக்குத் தெரியும் காரணம். இரண்டு வருஷம் முன்னால் நீ லீவில் வந்தபோது, பிடுங்கிப் போட்ட செடியை ஆய ஆள் வராமல், அண்ணியும் நீயும் உட்கார்ந்து ஆய்ந்து, அண்ணிக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, அதற்குள் மழை பிடித்து, குவியலிலேயே காய் முளைவிட்டது. பார்க்க வந்த வியாபாரி, ஆளு கெடைக்காதவங்க ஏம்மா மல்லாட்டை போடறீங்க, கம்முனு மனை போட்டு வித்துட்டுப் போங்க என்றான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார், நீ குனியவில்லை. நீ பார்த்த பார்வையில் அவன் மீசை பாதி கருகியதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவனுக்கான பதிலைத்தான் நீ இரும்பில் செய்துகொண்டிருக்கிறாய். அதை விட்டுவிட்டு ஏ.சி. ரூமில் போய் உட்கார் என்று என் வாயிலிருந்து வராது. உன் முதல் மிஷினை என் கடையில் ஓட்டிப் பார்த்தேன், காயை ஆய்ந்து புதுச்சேரி வரைக்கும் வீசியது. வேகத்தைக் குறை.

கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டால் வேறு தாள் அனுப்புவார்கள். என்னடா பண்றது என்று கேட்ட அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். முடிவு உன்னுடையது, என்னைக் கேட்டால் போடாதே.

நேற்று கெடார் போயிருந்தேன். தேவா வந்து தன் பழைய பாட்டைப் பாடினான். உன் அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த லேமினேஷனைக் கழற்றி அவன் மூக்குக்கு நேரே நீட்டி, படிச்சுப் பாருய்யா, எம்பொண்ணு வேலை கெடைக்காதவ இல்ல, வேணாம்னு சொன்னவ என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. என்னை முறைத்துவிட்டு அதை மறுபடியும் ஆணியில் மாட்டினார், முன்பைவிட நேராக.

வெள்ளிக்கிழமை காலையில் நீயே அவருக்குப் போன் செய். எடுக்காவிட்டால் மறுபடி செய். மயிலத்து முருகன் உன்னையும் உன் மிஷினின் பல்லையும் காக்கட்டும்.

உன் சித்தப்பா
மணிமாறன்