மிளகாய்ச் சாக்கில் கட்டிய துணிகள்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கலைச்செல்விக்கு,

நீ மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மிளகாய் மண்டி குற்றாலலிங்கம் எழுதுவது. உன்னைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அது இப்போது அச்சில் ஏறப் போகிறது.

போன மாதம் மாளவிகா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். கொரோனாவுக்குப் பிறகு ஜனங்களின் மனசு மாறியிருக்கிறதா, பழையபடியே இருக்கிறதா என்று நாற்பது நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்களாம். எங்கள் சாலைக் கடைத்தெருவில் கேட்க வந்தவள் அவள். லாரியில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னேன். நர்ஸுகள் மேல் மதிப்பு? கூடியிருக்கிறது. தொற்று வார்டில் வேலை பார்ப்பவருக்கு வீடு கொடுப்பீர்களா? “கொடுத்தேனே அம்மா. அந்தச் சமயத்தில் எங்கள் மாடியில் ஒரு நர்ஸ்தான் இருந்தாள். தெருவே விரட்டச் சொன்னது, நான் கேட்கவில்லை” என்றேன். மூட்டைக்கு மேலே நல்ல மிளகாயாகப் பரப்பி வைத்துப் பழகின கை. வாயும் அப்படியே பழகிவிட்டது.

அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். அறிக்கையோடு சிலரின் கதையைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்களாம், அதில் என் கதையும் உண்டு. வியாபாரிகள் சங்கத்தில் கேள்விப்பட்டு, ஓணக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதாக இருக்கிறார்கள். நேற்று அவள் மறுபடி வந்து, “அண்ணாச்சி, ஆ நர்ஸ் சேச்சியோட நம்பர் கிட்டுமா? ரெண்டு பேரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கணும்” என்கிறாள்.

உன் நம்பரை அந்த வருஷமே அழித்துவிட்டேன். உன்னை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாரே மருந்துக்கடை ஜெபசிங், அவரிடம்தான் நீ இப்போது இருக்கும் வித்துரா விலாசம் வாங்கினேன்.

நேராகவே கேட்கிறேன். அவள் கேட்டால் “ஆமாம், அங்கே இருந்தேன்” என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. எப்போது போனாய் என்று அவள் கேட்கவில்லை. உன்னை வெளியே அனுப்பிய அன்றைக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்து வீட்டுச் சாம்பசிவன் ஆளைக் கூட்டுவேன் என்று நின்றது உனக்குத் தெரியும். உன் ஆஸ்பத்திரிக்கு நல்ல ஃபேனாக நாலு வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
குற்றாலலிங்கம்


வித்துரா
11 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

கலைச்செல்வி எழுதுவது. உங்கள் வீட்டில் பொன்னம்மை அக்காவுக்கு முட்டுவலி தேவலையா? போனில் பேசினால் நீங்கள் பேரத்துக்கு வந்துவிடுவீர்கள், நானும் பாவம் என்று சரி சொல்லிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த ஏப்ரலில் பதினாலு நாள் வார்டு வேலை முடிந்து வந்தபோது என் சாமான்கள் கேட்டுக்கு வெளியே இருந்தன. துணியும் புத்தகமும் இரண்டு மிளகாய்ச் சாக்குகளில். மேலே பிளீச்சிங் தண்ணீர். உங்கள் வீட்டில் வேறு சாக்கு ஏது?

அலைந்து ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கட்டில் கிடைத்தது. சாக்கைப் பிரித்ததுமே தும்மல் பிடித்தது. நிற்கவே இல்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின. அப்போது ஒரு தும்மல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். “மிளகாய், மிளகாய்” என்று கத்தினேன், ஒருத்தியும் நம்பவில்லை. டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் பத்து நாள் சாமான் அறையில் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கம்பால் தள்ளினார்கள். அவர்களில் நாலு பேர் நர்ஸுகள், அண்ணாச்சி. என்னோடு அதே வார்டில் நின்றவர்கள். அதனால் உங்கள் மேல் மட்டும் தனிக் கோபம் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளை யூனிஃபார்மில் மட்டும் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் பேச மாட்டேன். நீங்கள் ஏற்றின மூட்டையை நீங்களே இறக்குங்கள். ஃபேன் வேண்டாம். இங்கே ஃபேன் இருக்கிறது, கரண்ட்தான் இல்லை.

இன்னொன்று. என்னோடு வேலை பார்த்த ஷீனாவும் அவள் தோழியும் அடுத்த மாதம் டவுனில் காய்ச்சல் வார்டில் சேருகிறார்கள். ஆறு வீடு பார்த்தாயிற்று. எந்த வார்டு என்று சொன்னதும் ஆறு வீட்டிலும் துபாயிலிருந்து மகன் வந்துவிடுகிறான். உங்கள் மாடி காலியாகக் கிடப்பதாக ஜெபசிங் சொன்னார். கேட்க எனக்கு மனசு வரவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

கலைச்செல்வி


ஆரியசாலை
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கலைச்செல்விக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் வியாபாரம் பார்த்தேன். ஐந்தாம் நாள் பொன்னம்மை துவைக்க எடுத்தபோது வாசித்துவிட்டாள். “அந்தச் சாக்க ஒதறாமக் குடுத்தது நாந்தான். வெக்கம் ஒங்களுக்கு மட்டும் உள்ளதா?” என்று சொல்லி உள்ளே போனாள்.

சாம்பசிவன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் ஆளைக் கூட்டவில்லை. ஒரு வார்த்தை எதிராகச் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளைக்கு சாப்பாட்டுக்கு என்ன வழி?” என்றுதான் கேட்டார். பயந்தவன் நான் ஒருத்தன். விரட்ட எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அவர் பெயரைச் சொன்னேன். ஐந்து வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. பின்னால் நிபா காய்ச்சல் என்று பேப்பரில் வந்த அன்றும், காலியாகக் கிடந்த மாடிக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டவன் நான்.

மாளவிகாவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். “அண்ணாச்சி, எல்லா நாட்டிலயும் ஆளுகள் இதையாக்கும் சொல்றாங்க. நான் மாறிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்தான் மாறலேன்னு” என்றாள். “அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்தான், எழுதிக்கோ” என்றேன். ‘மதிப்பு கூடியிருக்கிறது’ என்பதை ‘அப்படியே இருக்கிறது’ என்று மாற்றிக்கொண்டாள். புத்தகத்தில் என் கதை வராது.

சங்கத்திலும் பொன்னாடை வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். “விடும் ஓய், நாங்க மட்டும் என்ன ஆரத்தியா எடுத்தோம்?” என்று சிரித்து டீ வரவழைத்தார்கள். ஒருத்தருக்கும் ஆச்சரியமில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மாடி காலிதான். பிள்ளைகளை வரச் சொல். வாடகையே வேண்டாம். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

குற்றாலலிங்கம்


வித்துரா
30 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சிக்கு,

வாடகை இல்லாமல் வேண்டாம். சும்மா கொடுத்த இடத்திலிருந்து இறக்கிவிடுவது சுலபம். அந்தத் தெருவில் என்ன வாடகையோ அதை வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரைத்தாளில் எழுதுங்கள். என்னென்ன எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளைக் கொண்டுவிட நான் வர மாட்டேன். அந்தக் கேட்டைப் பார்க்க இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கலைச்செல்வி


ஆரியசாலை
3 செப்டம்பர் 2025

அன்புள்ள கலைச்செல்விக்கு,

ஷீனா வந்து பார்த்துப் போனாள். அந்த இரண்டாவது பூட்டைக் கழற்றிவிட்டேன். நீ வராதது சரிதான்.

பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது இவ்வளவு: மாத வாடகை ஏழாயிரம், ஐந்தாம் தேதிக்குள். அட்வான்ஸ் இரண்டு மாதம். எந்த வார்டு என்று வீட்டுக்காரர் கேட்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி கீழேயிருந்து மாடிக்குப் போகும், கையில் கொடுக்க வேண்டும். காலி செய்யச் சொல்வதானால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் தர வேண்டும், அதில் காரணமாக வேறு யார் பெயரும் வரக் கூடாது. சாட்சிக் கையெழுத்து சாம்பசிவன். காலி செய்யும்போது குடியிருப்பவர்கள் சாமானை அவர்களே கட்டுவார்கள்.

குற்றாலலிங்கம்