அன்னத்தின் முகம் தெரியாத விளக்கு

உ
தென்காசி
18.7.1961

என் கண்ணான குழல்வாய்மொழிக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் அப்படியே இருப்பதாகத்தான் உன் கடிதம் சொல்கிறது.

இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது, குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை, காயப்போட்ட சேலை காயவே இல்லை, ஆனாலும் நீ பென்சிலால் வரைந்து அனுப்பிய நம் வீட்டுத் தூக்கு விளக்கு நனையாமல் வந்து சேர்ந்தது. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும், கிண்ணத்தின் அடியில் என் மாமியார் வைத்த ஈயப்பற்றும், திரி கருக்கிய விளிம்பும் அப்படியே இருக்கின்றன, கல்யாணமாகிப் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதெல்லாம் உனக்கு எப்படி நினைவிருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. உன் அப்பா அதைத் தபால்காரர் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் காட்டிவிட்டார். அவருக்கு ஒரே ஒரு குறை, "எல்லாம் சரி, மேல இருக்க அன்னத்துக்கு மூஞ்சியக் காணலியே, பிள்ளை மறந்துட்டா போலுக்கு" என்கிறார். நீ மறக்கிற ஆள் இல்லையே என்று எனக்கு ஒரே குடைச்சல். விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன், முக்காலி போட்டு ஏறியும் பார்த்தேன், எங்கே நின்றாலும் அன்னத்தின் மூக்கு தெரிகிறது. கடைசியில் சுவரோரம் தரையில் படுத்தேன். அந்நேரம் பார்த்து அடுத்த வீட்டுக் கோமதியம்மாள் வந்து, "என்ன மயினி, மல்லாந்து கெடந்து என்னத்தப் பாக்குதிய" என்று சிரித்தாள். அங்கே படுத்தால்தான் அன்னத்தின் முகம் கிண்ணத்துக்குப் பின்னால் மறைகிறது. சிறு வயதில் டைபாய்டு வந்து நீ மாதக்கணக்கில் கிடந்த இடம் அது. படம் துளியும் பிசகவில்லை.

பிறகு படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். நம் விளக்கு தொங்குவது தேக்கு உத்தரத்தில். நீ வரைந்த விளக்கு தொங்குவது காரை விரிந்த வெள்ளைக் கூரையில், விசிறி மாட்டுகிற கொக்கியில். அது உன் பம்பாய் அறைதானே? நான்கு வரி எழுத நேரமில்லை என்பவளுக்கு இவ்வளவு நுணுக்கமாக வரைய நேரம் ஏது? எதற்காக அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறாய் அம்மா? காய்ச்சலோ, பிள்ளை உண்டாகியிருக்கிறாயோ, எதுவானாலும் பெற்றவளிடம் மறைக்கலாமா? மாப்பிள்ளையைக் கோபிக்க மாட்டேன், மறைக்கச் சொன்னது நீயாகத்தான் இருக்கும். உன் அப்பாவிடம் பம்பாய் பார்க்க ஆசை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறோம். வரவேண்டாம் என்று எழுதாதே, உன் பதில் வரும்போது வீடு பூட்டியிருக்கும்.

வேளாவேளைக்குக் கஞ்சி குடி, பச்சைத் தண்ணீர் தொடாதே. மஞ்சள் குங்குமத்தோடு நூறாண்டு இருப்பாய். நாங்கள் வந்து கதவைத் தட்டினால், திறக்க நீ எழுந்து வரக்கூடாது.

இப்படிக்கு
உன் அம்மா
வடிவாம்பாள்